பச்சை எஞ்சின் கீழே விழவில்லை

உலக வரலாற்றை இனிமேல் இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்: அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன், அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பின். அன்று காலை பத்தரை மணிக்கு, அகில உலகச் சிறுரயில் சேகரிப்போர் பேரவையின் தலைவரும் பொதுச்செயலாளரும், ஆளுக்கொரு ஜோடி வெள்ளைப் பருத்திக் கையுறையுடன், ஒரே டாக்ஸியில் ஒரு வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். டாக்ஸிக் கட்டணத்தை யார் கொடுப்பது என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஏழு நிமிடம் விவாதித்தார்கள். பிறகு டிரைவர் இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார். ஆளுக்குப் பாதி கொடுத்தார்கள்.

பேரவையைப் பற்றிக் கேள்விப்படாத துரதிர்ஷ்டசாலிகளுக்காகச் சில விவரங்கள். அதில் ஒன்பது உறுப்பினர்கள். ஒருவர் செத்துப்போனார். மூன்று பேர் சந்தா கட்டுவதில்லை. இரண்டு பேர் தலைவரோடு பேசுவதில்லை. தலைவரையும் செயலாளரையும் கழித்தால் மிஞ்சும் ஒருவருக்கு, தான் உறுப்பினர் என்பதே தெரியாது. 'அகில உலகம்' என்பது தலைவரின் மருமகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தபோது சேர்ந்துகொண்டது.

பேரவையின் விதிகள் பதினேழு. நான்காவது விதிதான் உயிர்: ரயிலை ஓட்டக் கூடாது. ஓடிய சக்கரத்தில் கோடு விழும். கோடு விழுந்தால் விலை விழும். குழந்தைகள் விளையாடுவதற்காகச் செய்த சாமானை எண்பது வருஷம் எந்தக் குழந்தையும் தொடாமல் காப்பாற்றிவிட்டால் அது பொக்கிஷம். ஒரு குழந்தை தொட்டுவிட்டால் அது பொம்மை. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளத் தலைவர் முப்பது வருஷம் செலவழித்திருந்தார். அதை மற்றவர்களுக்குச் சொல்வதற்கு இன்னும் முப்பது.

செத்துப்போன உறுப்பினர்தான் அந்த வீட்டுக்காரர். பேரவையின் பொருளாளர். நாலு மாதத்துக்கு முன் மாரடைப்பில் போனார். அவர் விட்டுப்போனது ஒரு கண்ணாடி அலமாரி நிறைய ரயில், பாதி வீடு, ஒரு மனைவி. அந்த அம்மாளைப் பேரவையில் எல்லோரும் அண்ணி என்பார்கள். நாமும் அப்படியே சொல்லலாம். அண்ணி இருபத்திரண்டு வருஷம் பெயிண்ட் பிரஷ்ஷால் அந்த ரயில்களுக்குத் தூசி தட்டியவர். எந்தப் பெட்டி எந்த வருஷம், எதற்கு எந்தச் சக்கரம் என்பது, பேரவை கூடிப் பேசுகிறபோது காபி கொண்டுவந்து வைத்தே அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

வீட்டின் மீதிப் பாதி கொழுந்தனுடையது. லாரி டயர் கடை வைத்திருப்பவன். ஊரில் அவனை ஜாக்கி என்பார்கள்; வண்டியைத் தூக்குகிற ஜாக்கியைத் தேடுகிற நேரத்தில் இவனே தூக்கிவிடுவானாம். தன் பாதிக்குப் பன்னிரண்டு லட்சம் கேட்டான். கெடு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. தவறினால், மொத்தத்தையும் இடித்து அடுக்குமாடி கட்டுகிற ஆள் அட்வான்ஸுடன் வருவார், அண்ணியும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட மாட்டேன் என்று அண்ணி செவ்வாய்க்கிழமை சொல்லிப் பார்த்தார். ஜாக்கி சக்கரம் கழற்றுகிற ஸ்பேனரோடு சமாதானம் பேச வந்தான். அந்தச் சமாதானத்தில் சமையலறைக் கதவு கீலோடு பெயர்ந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற அண்ணியின் இடது சுண்டுவிரல் இரண்டு இடத்தில் ஒடிந்தது. ஆகவே ரயில்களை விற்றாக வேண்டும். அன்றைக்கே, ஐந்து மணிக்குள்.

ஜாக்கி ஹாலின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஸ்பேனர் மடியில். நியாயம் நடக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னான்.

தலைவர் முதலில் இரங்கல் உரை ஆற்றினார். நின்றுகொண்டு, குறிப்பு வைத்துக்கொண்டு.

"தண்டவாளம் ஒரு தாரகையை இழந்துவிட்டது. புகைவண்டிப் பேருலகம் தன் பொற்சக்கரங்களில் ஒன்றை..."

"மாரடைப்பு சார்," என்றான் ஜாக்கி. "தண்டவாளத்துல எல்லாம் இல்ல. பாத்ரூம்ல."

தலைவர் குறிப்பை மடித்துப் பையில் வைத்தார். "ஒரு நிமிஷம் மௌனம்" என்றார். மௌனத்தின் நடுவே செயலாளர் டார்ச்சை எடுத்து அலமாரிக்குள் அடித்துப் பார்த்தார்.

டாக்ஸியில் வரும்போதே இருவருக்கும் ஒப்பந்தம் ஆகியிருந்தது. செயலாளர் ஒவ்வொன்றிலும் குறை சொல்வார். தலைவர் வருத்தத்தோடு தலையாட்டுவார். கடைசியில் அனுதாபத்தின் பேரில் மொத்தத்தையும் இரண்டு லட்சத்துக்கு எடுத்துக்கொள்வார். பிறகு பங்கு. ஒருவர் மேல் ஒருவர் விலை ஏற்றுவதில்லை என்று கைகொடுத்துக்கொண்டார்கள். பச்சை எஞ்சின் யாருக்கு என்று மட்டும் பேசிக்கொள்ளவில்லை. இருவருமே அதை ஏற்கெனவே மனதுக்குள் தங்கள் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டிருந்தார்கள்.

தரையில் செய்தித்தாள் விரித்து, ரயில் பெட்டிகளை வரிசையாக இறக்கினார் அண்ணி. கையுறைகள் வேலையைத் தொடங்கின.

"பெயிண்ட் உதிர்ந்திருக்கு," என்றார் செயலாளர்.

அண்ணி குனிந்து ஊதினார். பெயிண்ட் பறந்துபோய் ஜாக்கியின் மூக்கில் ஏறியது. "தூசி," என்றார்.

"இதுல பின்கொக்கியைக் காணோம்."

"அது கடைசிப் பெட்டி. அதுக்குப் பின்னால எதை மாட்டுவீங்க?"

"சகோதரிக்குக் கொஞ்சம் விஷயம் தெரிஞ்சிருக்கு," என்றார் தலைவர், நாய் நமஸ்காரம் சொல்லிவிட்டது போன்ற முகத்தோடு.

ஒரு மணி நேரம் இப்படிப் போயிற்று. பிறகு அண்ணி மேல்தட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். மூடியைத் திறந்தார். மெல்லிய காகிதத்தை விலக்கினார். பச்சை எஞ்சின். தகரத்தில் செய்து, கையால் வர்ணம் அடித்து, சாவி கொடுத்தால் ஓடுகிற மாதிரி. சாவி பெட்டிக்குள்ளேயே தனியாக நூலில் கட்டியிருந்தது. நூலில் கடைக்காரன் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அதாவது ஒரு தடவைகூட ஓடாத எஞ்சின். செயலாளர் மூச்சு விடுவதை நிறுத்தினார். தலைவரின் கையில் பூதக்கண்ணாடி தந்தியடித்தது.

"நகல் மாதிரி தெரியுது," என்றார் தலைவர்.

"அப்படியா. கை ஏன் சார் இப்படி ஆடுது?"

"வயசாச்சும்மா."

"வரும்போது ஆடலையே."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மறைந்த நண்பரின் நினைவுக்காக மட்டும், எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் என்றார். அண்ணி செயலாளர் பக்கம் திரும்பினார்.

"ஏன் தம்பி, அவர் போன மூணாம் நாள் போன் பண்ணி, பச்சைக்கு மட்டும் நாலு தரேன்னு சொன்னீங்களே. தலைவருக்குத் தெரிய வேணாம்னீங்க. அது இப்பவும் உண்டா?"

ஹாலில் மறுபடியும் மௌனம், இந்த முறை அசல்.

"மூணாம் நாளா," என்றார் தலைவர். "யோவ், சாம்பல்கூட ஆறியிருக்காதேய்யா."

"நீங்க ரெண்டாம் நாளே அஞ்சுன்னு சொன்னீங்க சார்," என்றார் அண்ணி.

அண்ணிக்குத் தேவை ஒரு ஏலம். அது நடந்தது. செயலாளர் ஆறு என்றார். தலைவர் ஏழு என்றார், பேரவையின் கட்டுப்பாடு என்ற சொல்லோடு சேர்த்து. எட்டு. ஒன்பது. ஒன்பதரை என்று சொன்ன செயலாளரைத் தலைவர் பிச்சைக்காரன் என்றார். பத்து. பதினொன்று. தலைவர் சட்டென்று குனிந்து எஞ்சினை இரண்டு கையாலும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பன்னிரண்டு. முடிஞ்சது."

மூலையில் ஜாக்கி நிமிர்ந்து உட்கார்ந்தான். அது அவன் விலை.

"கீழ வைங்க," என்றார் செயலாளர். "கையுறை நழுவும்."

"உனக்கு எதுக்குய்யா இது? ஓட்டறதுக்கா?"

செயலாளரின் முகம் வெளுத்தது. தலைவர் நிறுத்தியிருக்கலாம். மேடை கிடைத்தால் நிறுத்திப் பழக்கமில்லை.

"எல்லாம் தெரியும்யா. உன் சம்சாரம் என் சம்சாரத்துகிட்ட சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை கதவைச் சாத்திக்கிட்டு உள்ள ரயில் ஓட்டறே. படுத்துக்கிட்டு ஓட்டறே. வாயால கூன்னு சத்தம் வேற குடுக்கறே."

ஒருவனுடைய அம்மாவைச் சொல்லலாம், சாதியைச் சொல்லலாம், பேரவையில் அவை சகஜம். இதைச் சொல்லக் கூடாது. செயலாளர் கையுறையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, தலைவரின் மூக்கில் குத்தினார். தேங்காய் விரிசல் விடுகிற சத்தம் கேட்டது.

இந்த இடத்தில் எந்த மனிதனும் கையை முகத்துக்குக் கொண்டுபோவான். தலைவர் கொண்டுபோகவில்லை. இரண்டு கையையும் எஞ்சினோடு தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார், வெள்ளத்தில் குழந்தையைக் காப்பாற்றுகிறவர் மாதிரி. மூக்கிலிருந்து ரத்தம் சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றாக இறங்கியது. செயலாளருக்கு இதைவிட வசதியான முகம் வாழ்க்கையில் அமைந்ததில்லை. இரண்டாவது குத்தில் உதடு கிழிந்தது. மூன்றாவதில் மேல்வரிசைப் பற்கள் இரண்டு செய்தித்தாளில் விழுந்தன.

"கீழ வைடா. வைச்சுட்டு அடி."

"வெக்க மாத்தேன்," என்றார் தலைவர், பல் போன வாயால்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். செயலாளர் அத்தனை கோபத்திலும் நெஞ்சுக்கு மேலே, கழுத்துக்கு மேலே, நெற்றிக்குக் கீழே என்று அளந்துதான் அடித்தார். தோளில் அடித்தால் எஞ்சின் குலுங்கும். தலைவரும் உதைக்கும்போது செயலாளரின் அடிவயிற்றை மட்டும்தான் உதைத்தார், தரையில் இருந்த பெட்டிகள் பக்கம் விழாதபடி. அந்த உதையில் செயலாளர் வாந்தியெடுத்தார். அதையும் திரும்பி நின்று, செய்தித்தாளுக்கு வெளியே எடுத்தார். முப்பது வருஷப் பயிற்சி அது.

பிறகு செயலாளர் நிமிர்ந்து, ஷூ முனையால் தலைவரின் முழங்காலில் ஓங்கி உதைத்தார். தலைவர் முன்பக்கமாகச் சாய்ந்தார். விழுகிற மனிதனின் கை தானாகத் தரையைத் தேடும்; பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். தலைவரின் கைகள் தேடவில்லை. அவை மேலேயே இருந்தன. வெட்டிய மரம் போல, தாடை முன்னால் வர, எண்பத்தெட்டுக் கிலோவும் தரையில் இறங்கியது. தாடை இரண்டாக உடைந்தது. எஞ்சின் உடையவில்லை. நீட்டிய கைகளில், தரைக்கு ஒரு சாண் மேலே, ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி நின்றது.

செயலாளர் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்து, தலைமுடியைப் பிடித்து நெற்றியைத் தரையில் மோதினார். ஒரு மோதலுக்கு ஒரு விரல் என்று பிரிக்கப் பார்த்தார். விரல்கள் பிரியவில்லை.

ஜாக்கி எழுந்தான்.

"யோவ், அந்தாளை விடு. அது என் பன்னிரண்டு லட்சம்."

செயலாளர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஸ்பேனர் அவருடைய வலது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு தோலுக்கு வெளியே வந்து ஒருதடவை எட்டிப் பார்த்தது. செயலாளர் அலறவில்லை, அதற்கு அவருக்கு நேரமில்லை. ஸ்பேனருக்காக வாகாக நிற்க, ஜாக்கி தன் இடது காலைச் செய்தித்தாளின் மேல் வைத்திருந்தான். அங்கே இருந்தது ஒரு உணவுப் பெட்டி, நான்கு சக்கரம், மிக நல்ல நிலை.

"காலை எடு," என்று செயலாளர் கத்தினார். தரையிலிருந்து தலைவரும் அதையே கத்தினார், மெய்யெழுத்துகள் இல்லாமல். பேரவை வரலாற்றில் இருவரும் ஒரே தீர்மானத்தை ஆதரித்தது அதுவே முதல் தடவை. செயலாளர் நல்ல கையால் ஜாக்கியின் மார்பைப் பிடித்துத் தள்ளினார். ரயில் பெட்டி, அது செய்யப்பட்ட நாளிலிருந்து யாரும் செய்யவிடாத ஒரு காரியத்தைச் செய்தது: ஓடியது. ஜாக்கியின் கால் அதோடு போயிற்று. விழுகிற ஜாக்கி அலமாரியைப் பிடித்தான். தேக்கு அலமாரி, ஆறடி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அது அவனோடு வந்தது.

சத்தம் அடங்கியபோது ஜாக்கி இடுப்புக்குக் கீழே அலமாரிக்கு அடியில் இருந்தான். உள்ளங்கை அகலக் கண்ணாடித் துண்டு ஒன்று அவன் தொடையில் செங்குத்தாக நின்றது. சுற்றி நாற்பது எஞ்சின்கள் சக்கரம் மேலே பார்க்கக் கிடந்தன. ரத்தம் அவசரப்படாமல் செய்தித்தாளை நோக்கிப் போயிற்று.

அண்ணி இதையெல்லாம் கதவில்லாத சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் குத்து விழுந்தபோதே பச்சை எஞ்சினின் அட்டைப்பெட்டியையும் சாவியையும் எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டார். பெட்டியும் சாவியும் இல்லாத எஞ்சினுக்குப் பாதி விலைதான்.

"அண்ணி," என்றான் ஜாக்கி. "தூக்குங்க அண்ணி."

"எப்படி தம்பி தூக்கறது. விரல் ஒடிஞ்சிருக்கே."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

"கூப்பிடத்தானே போறேன். அதுக்கு முன்னால இது." இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்தார். அவன் பாதியைப் பன்னிரண்டு லட்சத்துக்கு அண்ணிக்கே விற்பதாக எழுதியிருந்த ஒப்பந்தம். காலையிலேயே எழுதி வைத்தது. "தலைவரே, பன்னிரண்டு தானே சொன்னீங்க?"

தலைவர் எஞ்சினை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பேச வாயில்லை. தலையாட்டினால் தாடை தனியாக ஆடியது. பத்து விரலையும் காட்டி, பிறகு இரண்டைக் காட்டினார்.

"பதிமூணு," என்றார் செயலாளர், தரையில் கிடந்தபடியே. முகம் சாம்பலாகியிருந்தது. "பதிமூணு தரேன் அண்ணி. பாங்குல இருக்கு. இப்பவே."

"கையெழுத்துப் போட முடியுமா?"

செயலாளர் தன் வலது கையைப் பார்த்தார். அது வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு இடது கையால..."

"நாளைக்கு வீடு இருக்காது தம்பி. அஞ்சு மணிக்கு ஆள் வர்றார்."

வாங்க வந்த இருவரில் இரண்டு கையும் அடிபடாமல் இருந்தது தலைவருக்கு மட்டும்தான். இரண்டும் பூப்போல இருந்தன. மடியில் இருந்த எஞ்சினைத் தொடைகளால் அணைத்துக்கொண்டு, ரத்தத்தில் நனைந்த கையுறையைக் கழற்றி, உள்பையிலிருந்து காசோலைப் புத்தகத்தை எடுத்தார். பன்னிரண்டு லட்சம் மட்டும் என்று முத்துமுத்தாக எழுதினார். கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து, நடுவில் ஒரு புள்ளி வைத்தார். மூக்கிலிருந்து இன்னொரு புள்ளி விழப் பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணி காசோலையையும் ஒப்பந்தத்தையும் ஜாக்கியின் முகத்துக்கு எதிரே பிடித்தார்.

"போடுங்க தம்பி."

"பணம் பாங்குல ஏறினாத்தான் செல்லும்னு ஒரு வரி எழுதுங்க." உதடு நீலமாகியிருந்தும் அவன் வியாபாரிதான். "ஏறலைன்னா... மறுபேச்சு இல்லாம நீங்க காலி பண்ணணும். அதையும் எழுதுங்க."

"கண்ணாடி இன்னும் இறங்குது தம்பி."

"எழுதுங்க."

அண்ணி எழுதினார். ஜாக்கி ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்தான். தலைவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, அடியில் பதவியின் பெயரை முழுதாக எழுதினார். அதற்கு இரண்டு வரி தேவைப்பட்டது. அதன் பிறகு அண்ணி மேஜைக்குப் போய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். எத்தனை பேருக்கு என்று கேட்டார்கள். "மூணு ஆள்," என்றார். "ஒருத்தர் கையில ரயில் இருக்கு. அதைப் பிடுங்காதீங்க, மத்ததுக்கெல்லாம் ஒத்துழைப்பார்."

ஆம்புலன்ஸ்காரர்கள் சொன்னபடி கேட்காமல் ஒருதடவை பிடுங்கிப் பார்த்தார்கள். ஒருவருக்குக் கடி விழுந்தது. உடைந்த தாடையால் கடித்ததால் தையல் போடும்படி இல்லை. எஞ்சின் தலைவரோடு ஸ்ட்ரெச்சரில் ஏறியது. பெட்டியும் சாவியும் பணம் ஏறிய பிறகு என்று அண்ணி அவர் காதில் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் போலீஸ் ஏட்டு வந்து மூவரிடமும் தனித்தனியாக விசாரித்தார். செயலாளர் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். ஜாக்கி வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். தலைவர் வழுக்கி விழுந்ததாக எழுதிக் காட்டினார்.

"மூணு பேரும் ஒரே வீட்டுலயா?"

மூவரும் தலையாட்டினார்கள்.

"வீட்டுல அப்படி என்னதான் கொட்டிக் கிடந்தது?"

தலைவர் காகிதத்தை வாங்கி, 'பாரம்பரியம்' என்று எழுதினார். ஏட்டு அதைப் படித்துவிட்டு, எண்ணெய் என்று பதிவு செய்துகொண்டு போனார்.

அண்ணி திங்கட்கிழமை ஆளை வைத்து ஹாலைக் கழுவினார். சமையலறைக்குப் புதுக் கதவு சொன்னார். உள்பக்கம் தாழ்ப்பாள் மூன்று வேண்டும் என்றார். தச்சன் சிரித்தான். அப்புறம் அவர் விரலைப் பார்த்துவிட்டு அளவெடுக்கத் தொடங்கினான். அடுக்குமாடிக்காரர் போன் செய்தபோது, விற்பதற்கில்லை என்று தானே சொன்னார். புதன்கிழமை, வீட்டின் நடுவே ஜாக்கி சுண்ணாம்பால் போட்டிருந்த பங்குக் கோட்டை ஈரத்துணியால் துடைத்தார். ஒடிந்த விரல் வலிக்க வலிக்க, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை.

வியாழக்கிழமை காலை காசோலை திரும்பி வந்தது. தலைவரின் கணக்கில் நானூற்றுப் பதினெட்டு ரூபாய் இருந்தது.